43 வயசுல நர்ஸிங் படிக்கலாமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
17 வருஷமா சூப்பர்மார்க்கெட்ல கேஷியர். போன வருஷம் என் ஆயாவை (பாட்டியை) வீட்டுலயே வச்சுப் பாத்தேன். சக்கரை நோய்ப் புண்ணைக் கழுவிக் கட்டும்போது என் கை நடுங்கவே இல்லை. 1999ல மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடிச்சவ நான். எதுல சேரணும்? பிள்ளைங்க சிரிக்குதுங்க.

பதில் (பீனிக்ஸ் அக்கா):
சிரிக்கட்டும் தங்கச்சி, நான் 39ல சேர்ந்தேன். டிப்ளமா 3 வருஷம். டிகிரி 4 வருஷம், அதுல பிரசவம் பாக்கவும் கத்துக்கலாம். உதவி நர்ஸ்னா 1 வருஷம் போதும். டிப்ளமா, டிகிரி முடிச்சா 1 வருஷம் அரசு அனுப்புற இடத்துல நர்ஸா சமூக சேவை கட்டாயம். என்னை நம்ம குவாசுலு-நட்டால் நியூகாசிலுக்கு அனுப்பிட்டாங்க. முக்கியமா, காலேஜுக்கு தென்னாப்பிரிக்க நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு பாரு. நான் பாக்காம ஒரு இடத்துல பணம் கட்டி ஏமாந்தேன்.

பதில் (டொங்காட் தம்பி):
அக்கா, உடற்கூறியலை விட ஜூலு மொழிதான் எனக்குக் கஷ்டம். இப்பவே பழகுங்க. "குபுஹ்லுங்கு குபி?"ன்னா எங்க வலிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் நல்ல ஷூ. 12 மணி நேரம் நிக்கணும்.

கேள்வி கேட்டவர்:
நிக்கிறதா? கேஷியர்கிட்டயா சொல்றே தம்பி! டிப்ளமாதான் பாக்கப் போறேன்.