புதுப்பிப்பு: ஆதரவுக் குழுக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டேன்

குடியை நிறுத்தியபின் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, எந்தக் குழுவில் சேரலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறேன். 1935இல், குடியால் அவதிப்பட்ட இருவர் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதில் தொடங்கிய இயக்கம் அது.

எழுந்து நின்று பேசச் சொல்வார்களோ என்பதுதான் என் பெரிய பயம். “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்றேன். சரி என்று விட்டுவிட்டார்கள். முழுப்பெயர் கேட்கவில்லை. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும். அங்கே கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது, அதனால் விவரம் எழுதமாட்டேன். ஆனால் வேறொருவர் பேசும்போது என் கதையையே கேட்டேன். அந்த நிம்மதியை வீட்டில் யாராலும் எனக்குத் தர முடிந்ததில்லை.

நம்மைவிடப் பெரிய ஒன்றை, கடவுளையோ வேறு எதையோ, நம்பி மீளச் சொல்லும் “மேலான சக்தி” என்ற பேச்சு எனக்கு இன்னும் ஒட்டவில்லை. அது வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்மார்ட் ரெகவரி என்ற குழு இருக்கிறது, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற குழு.

அப்புறம், தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்து எனக்கு ஒரு ஸ்பான்சர், அதாவது முன்பே குடியை விட்டு எனக்குத் துணையாக வழிகாட்டும் ஓர் உறுப்பினர், தேட வேண்டும். கூட்டம் இல்லாத இரவுகளில் கூப்பிட ஒருவர் வேண்டும்.