தலைகீழான வளையி: எங்கே கண்டீர்கள், எப்படி வாசித்தீர்கள்?

உண்டியல்364 (கண்டி)

2022 டிசெம்பரில் இலங்கையின் கடைசித் திறைசேரி உண்டியல் (அரசு ஒரு வருஷத்துக்குள் திருப்பித் தரும் கடன் தாள்) ஏலம். வருஷ வட்டி, சதவீதத்தில்: 91 நாள் 32.64, 182 நாள் 32.20, 364 நாள் 29.27. குறுகிய காலத்துக்குக் கூட வட்டி, நீண்ட காலத்துக்குக் குறைய வட்டி: காலத்துக்கு எதிரே வட்டியைக் கீறினால் வரும் வளையி வழமைக்குத் தலைகீழ். அந்த மூன்று எண்ணும் இன்னும் உறுத்துவதற்குக் காரணம், அவற்றை வாசித்த விதம். "வளையி தலைகீழ், அடுத்த வருஷம் பொருளாதார மந்தம் வரும்" என்று அமெரிக்கப் பாடத்தை அப்படியே இங்கே பொருத்தினார்கள். 2022இல் நாட்டின் பொருளாதாரம், முதல் மதிப்பீட்டின்படி 7.8 சதவீதம் ஏற்கெனவே சுருங்கியிருந்தது. மத்திய வங்கி ஏப்ரல் 8ஆம் திகதி கொள்கை வட்டியை ஒரே மூச்சில் 700 அடிப்படைப் புள்ளிகள் (7 சதவீதப் புள்ளி) ஏற்றியிருந்தது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். வந்துவிட்ட மந்தத்தை எதிர்வுகூற வளையி எதற்கு?

அந்த வளையி சொன்னது வேறு. 182 நாள் உண்டியலில் 100 ரூபா போட்டால் அரை வருஷத்தில் 116.10. 364 நாளில் போட்டால் 129.27. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.1134. அதாவது இரண்டாவது அரை வருஷத்துக்குச் சந்தை போட்டு வைத்திருந்த வட்டி, வருஷக் கணக்கில் 22.7 சதவீதம். 32இல் நிற்கும் வீதம் ஆறே மாதத்தில் ஏறத்தாழ 23க்கு இறங்கும் என்று காசைக் கொட்டிச் சொன்ன செய்தி அது.

இன்னொன்றையும் பலர் கவனிக்கவில்லை. ஏலத்தில் சொல்லப்படுவது தனிவட்டி. 91 நாளை நாலு தரம் புரட்டிப் போட்டால் 32.64 என்பது 36.9 ஆகிறது. 182 நாள் 34.8. 364 நாள் அதே 29.27. ஆக, தலைகீழின் ஆழம் கண்ணுக்குத் தெரிகிற 3.4 அல்ல, 7.6 புள்ளி. வீதங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் வளையியைக் கீறவே கூடாது.


பனிக்கான் (அக்கரப்பத்தனை)

எங்கள் பக்கம் தலைகீழாவது வெப்பநிலை. பாடப்படி உயரம் ஏற ஏறக் குளிர வேண்டும், ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை. ஜனவரி, பெப்ரவரியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து, காற்றும் செத்துப்போன இரவுகளில் இது மாறிவிடும். நிலம் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது, நிலத்தைத் தொட்ட காற்று குளிர்ந்து பாரமாகிச் சரிவு வழியே இறங்குகிறது, பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டு மலையில் கொழுந்து தப்பும், கீழே ஓடைக்கரைத் தட்டு கருகும்.

மறக்க முடியாதது ஒரே ஒரு வாசிப்பு. வெள்ளைப் பெட்டிக்குள், நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருந்த வெப்பமானி 3 பாகை காட்டுகிறது. "பூச்சியத்துக்கு மேலேதானே, பனி விழாது" என்று எல்லோரும் படுக்கப் போகிறார்கள். அதே நேரம் புல் நுனியில், மூடாமல் வானத்தைப் பார்க்கக் கிடந்த வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே. இப்படியான இரவில் இரண்டுக்கும் 3 முதல் 5 பாகை வரை வித்தியாசம் சாதாரணம். கொழுந்து இருப்பது பெட்டிக்குள் அல்ல, வானத்துக்கு நேரே.

வளையி கீற மூன்று வெப்பமானி போதும்: புல் மட்டம், ஒன்றரை மீற்றர், ஒரு கம்பத்தில் 10 மீற்றர். மேலுள்ள இரண்டுக்கும் கட்டாயம் மறைப்பு வேண்டும். இல்லாவிட்டால் அவையும் வானத்துக்கு வெப்பத்தை இழந்து பொய் சொல்லும். பொழுதுபட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மேல் வெப்பமானி கீழுள்ளதை முந்திவிட்டால் அன்றைக்கு ஆபத்து. கருவி இல்லாதவர்கள் லயத்து அடுப்புப் புகையைப் பாருங்கள். கொஞ்சம் ஏறி, பிறகு மேலே போகாமல் படுக்கையாகப் பரவினால் தலைகீழ் அடுக்கு அந்த உயரத்தில் இருக்கிறது.


முறிச்சந்தை (கொட்டகலை)

உண்டியல்364, கணக்கு சரி, "தலைகீழான வளையி" என்ற பெயர்தான் அவசரம். மூன்றும் உண்டியல்தான், எல்லாம் ஒரு வருஷத்துக்குள். அமெரிக்க விதி பேசுவது 10 வருஷ முறிக்கும் (அரசின் நீண்ட காலக் கடன் தாள்) 3 மாத உண்டியலுக்கும் உள்ள இடைவெளியை. கெம்பல் ஹார்வி 1986இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வேட்டில் வளையியின் சாய்வைப் பொருளாதார வளர்ச்சியோடு இணைத்துக் காட்டியதும் அந்த வகைதான். 1960களின் கடைசியிலிருந்து அங்கே வந்த ஒவ்வொரு மந்தத்துக்கும் முன்னால் அது தலைகீழாகியிருக்கிறது. ஆனால் 1966இல் தலைகீழாகியும் மந்தம் வரவில்லை. 2022 ஒக்டோபரில் தலைகீழாகி ஏறத்தாழ இரண்டு வருஷம் அப்படியே கிடந்தது, அந்தக் காலத்துக்குள்ளும் வரவில்லை. சொந்த ஊரிலேயே தவறுகிற விதி அது.

உங்கள் 22.7ஐயும் "சந்தையின் எதிர்பார்ப்பு" என்று அப்படியே எடுக்க முடியாது. அந்த நேரம் உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைப்பார்கள் என்ற பயம் இருந்தது. பயமிருந்தால் நீண்ட காலத் தாளுக்குக் கூடுதல் வட்டி கேட்பார்கள். அந்தக் கூடுதலும் 22.7க்குள் கலந்திருக்கிறது. கழித்துப் பார்த்தால் உண்மையான எதிர்பார்ப்பு அதைவிடக் கீழே.


கந்தப்பளை_கரட்

பனிக்கான் அண்ணன் சொன்ன பள்ளத்துத் தட்டுத்தான் எங்கள் மரக்கறித் தோட்டம். விடியக் காலை குழாயைப் பிடித்து இலையில் பனியைக் கழுவுவதுதான் இங்கே வழக்கம், சில நாள் கழுவிய பாத்திதான் கூடக் கருகுகிறது. அது ஏன் என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது 334 கிலோயூல் வெப்பத்தை இலைக்குக் கொடுக்கும். ஒரு கிலோ ஆவியாகும்போது ஏறத்தாழ 2,500 கிலோயூலைப் பிடுங்கும். அப்படியென்றால் ஒரு பங்கு ஆவியானால் அதை ஈடுகட்ட ஏழரைப் பங்கு உறைய வேண்டும். கொஞ்சம் தெளித்துவிட்டு நிறுத்தினால் பிடுங்கல்தான் மிஞ்சும். ஆகவே தெளிப்பான் போடுவதென்றால் ஈரக்குமிழ் வெப்பமானி (குமிழில் ஈரத்துணி சுற்றியது) பூச்சியத்துக்கு இறங்கும் முன்பே திறக்க வேண்டும். உலர்குமிழை, அதாவது சாதாரண வெப்பமானியைப் பார்த்துத் திறந்தால், காற்று காய்ந்த இரவில் பிந்திவிடும். திறந்தபின் இடையில் நிறுத்தவே கூடாது. வெயில் வந்து ஐஸ் தானாக உருகிச் சொட்டும்வரை ஓட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் முதலே போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு 3 மில்லிமீற்றர் என்றால் ஒரு ஏக்கருக்கு 12,000 லீற்றர். ஆறு மணி நேரத்துக்கு 72,000. தொட்டியில் அவ்வளவு இல்லையென்றால் தொடங்காதீர்கள். பாதியில் தண்ணீர் முடிவது, தெளிக்காமலே விடுவதைவிட மோசம். அதற்குப் பதில் பின்னேரமே மண்ணை நனைத்து வையுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடப் பிடித்து வைத்து இரவில் விடும். பாத்திக்கு மேலே சாக்கு, பொலித்தீன் எதையாவது கம்பு நட்டு இலையில் படாமல் விரியுங்கள். இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். தோட்டத்தின் கீழ்ப்பக்க வேலி அடர்த்தியாக இருந்தால் அடியில் வெட்டித் திறவுங்கள், குளிர்காற்று வடிந்து போக வழி வேண்டும். மேல்பக்க வேலியை மட்டும் அடர்த்தியாக வையுங்கள்.


பனிக்கான் (அக்கரப்பத்தனை)

கீழ் வேலியைத் திறக்கச் சொன்னது நூற்றுக்கு நூறு. வேலிக்குக் கீழே வேறொருவருடைய பாத்தி இருந்தால் குளிர் அங்கே போய்த் தேங்கும், அவரோடு பேசிவிட்டு வெட்டுங்கள். டயர் எரிப்பவர்களுக்கு: புகை நிலத்தின் வெப்ப இழப்பைப் பெரிதாகத் தடுக்காது. சிறு சிறு நெருப்பாகப் பல இடத்தில் மூட்டினால் கொஞ்சம் உதவும். ஒரே பெரிய நெருப்பு தலைகீழ் அடுக்கைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும், பக்கத்துக் குளிர்காற்று உள்ளே இழுபடும்.


765நானோ (தலவாக்கலை)

வளையியைத் திருப்பி வாசிக்கிற எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. தேயிலையில் மொத்தப் பொலிபீனோல் (துவர்ப்புத் தரும் சேர்மங்கள்) பார்க்கும் வேலையில் இது தினமும் நடக்கிறது. ஐஎஸ்ஓ 14502-1 முறை: ஐதாக்கிய மாதிரி 1 மில்லிலீற்றர், 10 சதவீத ஃபோலின் சியோகல்ட்டு (பொலிபீனோலோடு சேர்ந்து நீலமாகும் கரைசல்) 5 மில்லிலீற்றர், 3 முதல் 8 நிமிடத்துக்குள் 7.5 சதவீத சோடியம் காபனேற்று 4 மில்லிலீற்றர், அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம், பிறகு 765 நானோமீற்றர் ஒளியில் உறிஞ்சல். ஒப்பிட, செறிவு தெரிந்த கலிக் அமிலத்தை மில்லிலீற்றருக்கு 10 முதல் 50 மைக்ரோகிராம் வரை வைத்து நேர்கோடு கீறுகிறோம். கீறும்போது செறிவிலிருந்து உறிஞ்சலுக்கு. பாவிக்கும்போது உறிஞ்சலிலிருந்து செறிவுக்கு.

சாய்வு 0.0115 என்று வையுங்கள். கருவியின் வாசிப்பு 0.005 தளும்பினால் செறிவில் 0.43 மைக்ரோகிராம் பிழை. 50இல் அது 0.9 சதவீதம், 10இல் 4.3 சதவீதம். வாசிப்பின் பிழையைச் சாய்வால் வகுத்தால் விடையின் பிழை. கோடு மட்டமாக மட்டமாக அந்தப் பிழை ஊதும். கடுஞ்சாய மாதிரியைப் போதிய அளவு ஐதாக்காமல் வைத்தால் கோட்டின் மேல்முனை வளைந்துவிடும், அங்கே திருப்பி வாசிக்கிற எண்ணுக்கு மதிப்பே இல்லை. சோதிப்பது சுகம்: அதே மாதிரியை இரண்டு மடங்கு ஐதாக்கி மறுபடி பாருங்கள். விடை சரி பாதியாக வராவிட்டால் வளைந்த பகுதியில் நிற்கிறீர்கள்.

உண்டியல்364, உங்கள் 22.7க்கும் இதே கேள்வி. 364 நாள் வீதம் 0.25 மாறினால் உங்கள் விடை 0.43 மாறுகிறது. தசமத்தோடு சொல்லுமுன் அதையும் சொல்ல வேண்டும்.


உண்டியல்364 (கண்டி)

சொல்கிறேன். 364 நாள் வீதத்தை மேலும் கீழும் அரைப் புள்ளி அசைத்தால் விடை 21.8க்கும் 23.5க்கும் இடையில். 32இலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது இந்த அசைவு திசையை மாற்றாது. முறிச்சந்தை சொன்ன பயத்தைச் சேர்த்தால் இன்னும் கீழேதான் போகும், அதில் எனக்குச் சண்டையில்லை. 2023 நடுவில் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டபோது மத்திய வங்கியிடம் இருந்த உண்டியல்கள்தான் மாற்றப்பட்டன, மற்றவர்களின் உண்டியலில் கை வைக்கவில்லை. அந்த வருஷ முடிவில் மூன்று வீதமும் 15க்குக் கீழே. இரண்டு வீதம் மிகக் கிட்ட இருக்கும் காலங்களில்தான் 765நானோவின் எச்சரிக்கை உயிர்நாடி. அங்கே ஏலத்தின் சின்னத் தளும்பலே வளையியைப் புரட்டிவிடும்.


வான்கதவு (நோர்வூட்)

765நானோ, திருப்பி வாசித்தால் பிழை எப்போதும் பெருகும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடைக்குக் குறுக்கே, V வடிவில் 90 பாகை வெட்டிய தகடு வைத்து நீரளவு பார்ப்பதில் நேரெதிர். வெட்டின் அடிமுனைக்கு மேலே நீர் உயரத்தை மீற்றரில் எடுத்து, இரண்டரை அடுக்குக்கு ஏற்றி, 1.38ஆல் பெருக்கினால் செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் என்று வரும். 10 சென்ரிமீற்றருக்கு 4.4 லீற்றர், 20 சென்ரிமீற்றருக்கு 24.7 லீற்றர். நேரே வாசிக்கும்போது உயரத்தின் பிழை இரண்டரை மடங்காகிறது: 10 சென்ரிமீற்றரில் 2 மில்லிமீற்றர் பிழைத்தால் நீரளவில் 5 சதவீதம். திருப்பி வாசிக்கும்போது சுருங்குகிறது. சின்ன நீர்மின் சுழலிக்குச் செக்கனுக்கு 10 லீற்றர் வேண்டுமென்றால் நீர் 139 மில்லிமீற்றர் நிற்க வேண்டும், தேவையில் 5 சதவீதம் கூடிக் குறைந்தாலும் உயரம் 2 சதவீதம்தான் அசையும்.

அளவுகோலைத் தகட்டிலேயே ஒட்டாதீர்கள். அங்கே நீர்மட்டம் ஏற்கெனவே வளைந்து இறங்குகிறது. ஆகக்கூடிய நீர் உயரத்தின் நாலு மடங்கு தூரத்தில், மேலோட்டப் பக்கம் நடுங்கள். வெட்டின் விளிம்பு கூராக இருக்க வேண்டும், கீழே விழும் நீருக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்று போக வேண்டும். நீர் தகட்டில் ஒட்டி வழிந்தால் 1.38 செல்லாது. மழைக்குப் பிறகு மேல்பக்கம் சேறு சேர்ந்தாலும் அப்படித்தான், வாரத்துக்கு ஒருக்கால் வாரி எடுத்துவிட்டு அளவெடுங்கள்.