குளோசிங் ஸ்டாக் தொகை எங்கிருந்து வருகிறது? பி.காம் முடித்து ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்த எனக்கு ஒரு சந்தேகம்

ஈரோட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூவில் தமிழ் வழியில் கணக்குப்பதிவியல், அப்புறம் பி.காம். ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது (சி.ஏ. படிப்புக்கான ஆர்டிகிள்ஷிப் பயிற்சி இல்லை, சம்பளத்துக்குத்தான்). மனசுக்கு ஒப்பாத ஒரு விஷயத்தைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு ஹார்டுவேர் கடைக் கணக்கு என் கைக்கு வந்தது. கடைக்காரர் மஞ்சப்பை ஒன்றில் கொள்முதல் பில், பேங்க் ஸ்டேட்மெண்ட், ஒரு நோட்டு எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். விற்பனை 80 லட்சம், ஆரம்ப இருப்பு 9 லட்சம், கொள்முதல் 66 லட்சம். டேலி சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டு குளோசிங் ஸ்டாக், அதாவது வருஷக் கடைசியில் மீந்த சரக்கு, எவ்வளவு என்று சீனியரிடம் கேட்டேன். "போன வருஷம் ஜிபி 12 பர்சென்ட்தானே, அதே வர்ற மாதிரி போட்டுக்க" என்றார். ஜிபி என்றால் விற்பனையில் மொத்த லாபம். 80ல் 12 பர்சென்ட் போனால் விற்றதின் அடக்கம் 70.40, அதை 9ம் 66ம் சேர்ந்த 75லிருந்து கழித்தால் 4.60 லட்சம் வருகிறது. போட்டேன். ஃபைலை மூடும்போதுதான் அதே கடைக்காரர் மார்ச் மாதத்துக்கு பேங்கில் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கண்ணில் பட்டது. அதில் 14 லட்சம்!

கேட்டால், அது பேங்குக்கு, இது இன்கம்டாக்ஸுக்கு என்கிறார். கடையில் உண்மையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, கடைக்காரருக்கே தெரியவில்லை.

பள்ளியிலும் கல்லூரியிலும் எந்தக் கணக்கை எடுத்தாலும் கீழே 'சரிக்கட்டுதல்கள்' என்று போட்டு, முதல் வரியிலேயே இறுதிச் சரக்கிருப்பு இவ்வளவு என்று கொடுத்திருப்பார்கள். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சரக்கிருப்புக்கு மதிப்புப் போடுவதைச் சொல்லும் கணக்கியல் தரநிலையான ஏஎஸ் 2ஐ ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கிறதா? நான் படித்ததற்கு இங்கே என்ன வேலை?

நூல்கோன்:

தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கொள்முதலைச் சரிபார்க்க ஜிஎஸ்டி போர்ட்டலில் விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி இருக்கிறது, பணத்துக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்கிறது, பிடித்த வரியான டிடிஎஸ்ஸுக்கு இன்கம்டாக்ஸ் போர்ட்டல் இருக்கிறது. சரக்குக்கு அப்படி ஒன்றும் கிடையாது, குடோனுக்குள் போய்ப் பார்த்தால்தான் உண்டு. அதனால்தான் லாபத்தைக் கூட்டவோ குறைக்கவோ நினைப்பவர்கள் முதலில் அதில் கை வைக்கிறார்கள்.

எங்கள் கம்பெனியில் மார்ச் 31 சாயங்காலம் வண்டி நடமாட்டத்தை நிறுத்திவிடுவோம். நூல் பெட்டிகளை எடை போட்டு, துணி ரோல் ஒவ்வொன்றிலும் தொங்கும் சீட்டைப் பார்த்து எழுதி, எழுதிய ரோலில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவோம். கோடு இல்லாத ரோல் கண்ணில் பட்டால் அது விட்டுப்போனது. அதோடு முடியாது. நிட்டிங்கில் பாதி, சாயப்பட்டறையில் பாதி, பிரிண்டிங்கில் கொஞ்சம் என்று நம் சரக்கு ஊர் முழுக்கக் கிடக்கும், அதெல்லாம் நம் இருப்பில்தான் வரவேண்டும். ஜாப் ஒர்க் டிசி (வெளியே வேலைக்கு அனுப்பிய சரக்குக்கான சீட்டு) புத்தகத்தைப் பார்த்து யாரிடம் எத்தனை கிலோ நிற்கிறது என்று எடுத்து அவர்களிடமே கையெழுத்து வாங்குவோம். முதல் தடவை இதைச் செய்தபோது ஒரு பட்டறையில் 640 கிலோ துணி நிற்பதாக எங்கள் கணக்கு சொன்னது, அங்கே போனால் ஒரு கிலோ கூட இல்லை. துணி ஆறு மாதம் முன்பே திரும்பி வந்து எங்கள் ரோல் கணக்கில் ஏறிவிட்டது, டிசியை மட்டும் யாரும் அடைக்கவில்லை. எண்ணாமல் விட்டிருந்தால் அதே துணி இரண்டு தடவை ஏறியிருக்கும்.

நீங்கள் மனப்பாடம் செய்த ஏஎஸ் 2 விலை போடும்போது வருகிறது. அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு (விற்கும் செலவு போகக் கையில் நிற்பது) இரண்டில் எது குறைவோ அது. ஒரு வருஷம் எக்ஸ்போர்ட் ரிஜெக்ஷனில் 3,000 டி-ஷர்ட் தங்கிவிட்டது, அடக்கம் பீஸுக்கு 180 ரூபாய். இங்கே பனியன் சந்தையான காதர்பேட்டையில் விசாரித்தால் 70க்கு மேல் ஒருவரும் எடுக்கத் தயாராக இல்லை. முதலாளி 180லேயே போடச் சொன்னார். நான் இரண்டு நாள் விடாமல் பேசி 70 போட வைத்தேன். 3.30 லட்சம் அந்த வருஷமே நட்டத்தில் போனது. அடுத்த வருஷம் அந்தப் பொருளை நிஜமாகவே 65க்குத்தான் தள்ளினோம். படித்ததற்கு வேலை இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கரூர் ஆடிட்டர்:

தம்பி, உங்கள் சீனியர் சொன்னது தப்பு. பல ஆபீஸ்களில் அதுதான் வழக்கம் என்பதால் அது சரியாகிவிடாது. நானும் ஆரம்ப காலத்தில் அப்படிப் போட்டவள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

நம் நாட்டில் கணக்கியல் தரநிலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆடிட்டர்களுக்கான அமைப்பான ஐசிஏஐ 1949ல் வந்தது, கணக்கியல் தரநிலைக் குழுவை 1977லேயே அமைத்துவிட்டார்கள். கம்பெனிகளுக்கான தரநிலைகளை அரசே 2006ல் விதிகளாக அறிவித்து, பிறகு 2021ல் புதுப்பித்தது. பெரிய கம்பெனிகளுக்கு சர்வதேச தரநிலைகளை ஒட்டிய இண்ட் ஏஎஸ், 500 கோடியும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ளவர்களுக்கு 2016 ஏப்ரலிலிருந்தும், 250 கோடிக்காரர்களுக்கும் மற்ற லிஸ்டட் கம்பெனிகளுக்கும் 2017 ஏப்ரலிலிருந்தும் வந்தது. சத்யம் என்ற ஐ.டி. கம்பெனி விவகாரத்தில், இல்லாத 5,040 கோடி ரூபாயை ரொக்கம், பேங்க் இருப்பு என்று காட்டியிருந்தது 2009ல் வெளிவந்தது. தணிக்கையாளர்களையே கண்காணிக்க என்எஃப்ஆர்ஏ 2018ல் அமைந்தது. இவ்வளவும் மேல்தட்டுக்கு. உங்கள் ஹார்டுவேர் கடை போன்ற தனிநபர் வியாபாரமும் பங்குதாரர் வியாபாரமும்தான் நம் ஊர்களில் பெரும்பாலும் இருக்கிறது, அங்கே தரநிலை என்ற பேச்சே எழுவதில்லை. சிறிய நிறுவனங்களுக்குப் பணப்புழக்க அறிக்கையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் சரக்கிருப்புத் தரநிலையிலிருந்து விலக்கு கிடையாது. இதைப் பல ஆபீஸ்களில் மறந்தே போய்விட்டார்கள்.

இதற்கு ஒரு காரணம் அனுமான வரித் திட்டம். விற்றுமுதலில் 8 சதவீதம், பேங்க் வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டால் வரிக்காகக் கணக்குப் புத்தகமே வைக்க வேண்டாம். சிறு வியாபாரிக்கு அது பெரிய நிம்மதி, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதே ஆள் சரக்கை ஈடாகக் காட்டி வாங்கும் சிசி லோனுக்குப் போனால் பேங்க் பேலன்ஸ் ஷீட் கேட்கிறது, உடனே ஒன்றைத் தயாரிக்கிறோம். சரக்கில் 25 சதவீதம் மார்ஜின் கழித்து டிராயிங் பவர் (பேங்க் எடுக்க விடும் தொகை) போடுவதாக வையுங்கள், 14 லட்சத்துக்கு 10.50 லட்சம் கிடைக்கும். கடைக்காரருக்கு 10 லட்சம் லிமிட் இருந்தால் 14 என்ற தொகை எப்படிப் பிறந்தது என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள். நிஜமாகவே 14 என்றால் உங்கள் கணக்கில் ஜிபி 23.75 சதவீதமாக ஏறும்.

யாருக்கு நஷ்டம் என்று கேட்பீர்கள். என்னிடம் வந்த ஒரு ஜவுளிக் கடைக்காரர் கதையைச் சொல்கிறேன். கடை தீப்பிடித்து எரிந்தது, உள்ளே 20 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது என்று அழுதார். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து கேட்ட முதல் காகிதம் கொள்முதல், விற்பனை, இருப்பு காட்டும் டிரேடிங் அக்கவுண்ட். அதில் குளோசிங் ஸ்டாக் என்று, ஜிபிக்காகப் போட்ட 6 லட்சம்தான் இருந்தது. அதிலிருந்துதான் சர்வேயர் கணக்கைத் தொடங்கினார், எரிந்துபோன சரக்கை எண்ணிக்காட்ட முடியாதே. அதற்குப் பிறகு நான் எண்ணாத சரக்குக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. இரண்டு மூன்று கிளையண்ட் போய்விட்டார்கள். போகட்டும்.

வழி இதுதான். இன்றைக்குப் போய் எண்ணுங்கள். ஏப்ரல் 1லிருந்து விற்றதின் அடக்க விலையைக் கூட்டி, அதே காலத்தில் வாங்கியதைக் கழித்தால் மார்ச் 31 இருப்பு வரும். பைசா சுத்தமாக வராது, ஆனாலும் அது கடையிலிருந்து வந்த தொகையாக இருக்கும். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ. இண்டருக்கு நேரடியாகப் பதியலாம், ஆர்டிகிள்ஷிப்பும் இப்போது 2 வருஷம்தான். யோசியுங்கள்.

வணிகவியல் டீச்சர்:

கல்லூரியில் பாடம் எடுப்பவள் என்ற முறையில் என் பங்குத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் முதல் பாடமே 'முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்'. தம்பி கொண்டுவந்த மஞ்சப்பை அதுதான், ஆனால் கல்லூரியில் அதையே நடத்தும்போது அப்படி ஒரு பையை நான் யாருக்கும் காட்டியதில்லை. விடுபட்ட தொகையைக் கண்டுபிடிக்கத் தேவையான மற்ற எல்லாத் தொகையும் வினாத்தாளிலேயே இருக்கும். செமஸ்டருக்குள் பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வில் அதுதான் வரும், நாங்களும் அதையே போட்டுப் பழக்குகிறோம்.

மொழியும் ஒரு சிக்கல். வீட்டில் பணம் வந்தால் வரவு. பாடத்தில் ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று. இந்தக் குழப்பத்தை ஒரு வழியாகத் தாண்டி, பேரேடு, இருப்பாய்வு என்றெல்லாம் பழகிவிட்ட பிள்ளைகள் கல்லூரிக்கு வந்ததும் லெட்ஜர், டிரையல் பேலன்ஸ் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தெரிந்த பிள்ளைகூட வாய் திறக்கப் பயப்படுகிறது.

போன வருஷம் ஒரு காரியம் செய்தேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து எங்கள் கூட்டுறவு ஸ்டோருக்குள் அனுப்பி இருப்பை எண்ணச் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து மூன்று குழுவும் மூன்று தொகை சொன்னார்கள். ஒரு குழு எம்ஆர்பியில் போட்டுவிட்டது, இன்னொரு குழு பிரிக்காத பெட்டியைப் பிரித்துப் பார்க்காமலே எழுதியது. அன்றைக்கு வகுப்பில் நடந்த விவாதம் மாதிரி என் 14 வருஷத்தில் நான் பார்த்ததில்லை. மார்க் எதுவும் இல்லாத வேலை, ஆனாலும் இந்த வருஷமும் செய்யப் போகிறேன்.

ஈரோட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், அந்த ஸ்டோருக்குள் நானும் வந்திருக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் ஆடிட்டரிடமே நேராகப் போய் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போய் எண்ணிட்டு வா" என்றார். ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரின் மகனோடு உட்கார்ந்து காலையிலிருந்து இரவு எட்டு மணி வரை எண்ணினேன். ஆணி, ஸ்க்ரூ எல்லாம் எடையில், பைப் நீளத்தில், பெயிண்ட் டின் கணக்கில், நூல்கோன் அண்ணா சொன்னபடி சாக்பீஸ் கோடு. கரூர் மேடம் சொன்ன மாதிரி பின்னோக்கிப் போட்டால் மார்ச் 31க்கு 8.90 லட்சம் வருகிறது. ஜிபி கிட்டத்தட்ட 17.4 சதவீதம். 4.60ம் இல்லை, 14ம் இல்லை. கடைக்காரர் அந்தப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக் கல்லாவில் வைத்துக்கொண்டார். பேங்கில் என்ன சொல்வது என்று நாளைக்கு ஆடிட்டரோடு உட்காரப் போகிறார்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. பின்பக்க ரேக்கில் 11 டின் பெயிண்ட், அடக்கம் 19,400 ரூபாய், உள்ளே கட்டி தட்டிவிட்டது. மார்ச்சுக்கு முன்பே அப்படித்தான் இருந்தது என்கிறார் மகன். 8.90ல் அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன். முழுசாகவே எடுத்துவிடலாமா, இல்லை காலி டின் விலையாவது போட வேண்டுமா?