புதுப்பிப்பு: அடிக்கடி உறைந்த எஸ்எஸ்டி, குற்றவாளி கேபிள்

வீட்டுக் கணினி அடிக்கடி உறைந்து நிற்கிறது, எஸ்எஸ்டி (தரவைச் சேமிக்கும் டிரைவ்) சாகப்போகிறதா என்று இம்மாதத் தொடக்கத்தில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் குடும்பப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுத்தேன். பிறகு, டிரைவ் தன் நிலையைத் தானே பதிவு செய்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். பழுதான பிளாக்குகள் (தரவு சேமிக்கும் பகுதிகள்) பூஜ்யம். 199ஆம் எண்ணில் சிஆர்சி பிழை (டிரைவையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிள் வழியே தரவு போகும்போது ஏற்படும் பிழை) மட்டும் 1,412. "டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள், சாட்டா கேபிளை மாற்றுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. கழற்றிப் பார்த்தால், பெட்டியின் பக்கவாட்டு மூடி அழுத்தி, கேபிள் இணைப்பின் கழுத்திலேயே மடிந்து கிடந்தது. புதிய கேபிள் 120 ரூபாய். ஒன்பது நாளாக ஒருமுறைகூட உறையவில்லை.

எதிர்பாராதது ஒன்று: மாற்றிய பின்னும் 1,412 அப்படியே நின்றது. பதறிவிட்டேன். அது டிரைவின் ஆயுள் முழுக்கச் சேரும் கணக்கு; கேபிளை மாற்றினாலும் குறையாது. மேலே ஏறாமலிருந்தால் போதும். அவசரப்பட்டுக் கொடுத்த புது டிரைவ் ஆர்டரை ரத்து செய்துவிட்டேன்.