பிரேக் போட்டால் ரூஃப் லைட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது: சன்ரூஃப் ஒழுகல்

கொளத்தூர்வாசி:

நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். வண்டி 2019 மாடல் எஸ்யூவி, சன்ரூஃப் உண்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கோடை முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசி அடைமழை பிடித்ததிலிருந்துதான் தலைவலி. ராத்திரி பூராவும் மழையில் நின்ற வண்டியைக் காலையில் எடுத்து, தெருமுனை வேகத்தடையில் பிரேக் போட்டால் ரூஃப் லைட் இருக்கும் இடத்திலிருந்து பொளக்கென்று தண்ணீர் கொட்டுகிறது. ஆபீஸ் போகும் சட்டை நாசம். இடது முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் கார்பெட் சொதசொதவென்று கிடக்கிறது. கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை வேறு.

வண்டி நிற்பது தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில். வேறு இடம் கிடையாது.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். சன்ரூஃப் அசெம்பிளியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு ஒரு நல்ல பைக் எடுத்துவிடலாம். பக்கத்து ஆக்சஸரீஸ் கடைக்காரர் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் அடித்து ஒரேயடியாக மூடிவிடலாம் என்கிறார். நாங்கள் அதைத் திறப்பதே அபூர்வம், அதனால் எனக்கும் அந்தப் பக்கம்தான் மனசு சாய்கிறது. என்ன செய்யலாம்?

ஓஎம்ஆர் ஓட்டி:

இடது பக்கம் மட்டும் நனைகிறது என்றால் ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. மழை இல்லாத நாளில் ஏசி போட்டு ஓட்டிவிட்டு வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் அதுதான்.

டீசல் மாமா:

சிலிக்கான் அடித்து மூடுங்கள் தம்பி. நான் மூடி ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. நம்ம ஊர் வெயிலுக்குக் கூரையில் கண்ணாடி எதற்கு?

தக்கலை ஒர்க்‌ஷாப்:

கொளத்தூர் சார், சிலிக்கான் டியூபைக் கையில் எடுக்காதீர்கள். அசெம்பிளியும் இப்போதைக்கு வேண்டாம்.

நான் தக்கலையில் சீட் கவர், ரூஃப் லைனிங் வேலை செய்கிறவன். எங்கள் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் ஒழுகும் சன்ரூஃப் எனக்குப் பழகிய கேஸ். ரூஃப் துணியில் காப்பிக் கறை மாதிரி வட்டம் விழுந்ததும் துணி மாற்ற என்னிடம் வருவார்கள். ஒழுகலை நிறுத்தாமல் துணியில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். சிலருக்குக் கோபம்கூட வரும்.

விஷயம் இதுதான். கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங் சொட்டுத் தண்ணீர்கூட இறங்காமல் காக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது அதற்காக வைத்தது இல்லை. காற்றுச் சத்தத்தைத் தடுக்கும், மழையில் பெரும்பகுதியைத் தடுக்கும், மிச்சம் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். புது வண்டியிலும் இறங்கும். வண்டி செய்தவனுக்கு அது தெரியும். அதனால்தான் கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு வாய்க்கால் வைத்து, அதன் மூலைகளில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் சுண்டுவிரலைவிட மெல்லிய டியூப் ஒன்றைக் கீழே இறக்கியிருக்கிறான். பெரும்பாலான வண்டிகளில் நான்கு டியூப். முன்னால் இரண்டும் விண்ட்ஷீல்டு ஓரத்துப் பில்லர் வழியாக இறங்கும். பின்னால் இரண்டும் பின்பக்கப் பில்லர் வழியாகப் போய்ப் பம்பர் பக்கம் வெளியே வரும்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். தூங்குமூஞ்சி இலை பொடிப் பொடியாக உதிரும். பூ இன்னும் மோசம், அந்த நார் நாரான இழை தூசியோடு சேர்ந்து ஓட்டையில் உட்கார்ந்தால் பஞ்சு வைத்து அடைத்ததுதான். தண்ணீர் இறங்க வழியில்லாமல் வாய்க்காலில் தேங்கும். நீங்கள் பிரேக் போட்டதும் அது முன்பக்கம் அலைமோதி, வரம்பைத் தாண்டி ரூஃப் துணிமேல் விழும். துணிமேல் விழுந்த தண்ணீருக்கு வெளியே வரக் கிடைக்கும் முதல் ஓட்டை ரூஃப் லைட். ஓஎம்ஆர் தம்பி சொன்ன ஏசி அடைப்பும் நடக்கிற விஷயம்தான், ஆனால் ஏசி தண்ணீர் கூரையேறிக் கொட்டாது.

சிலிக்கான் ஏன் வேண்டாம் என்றால், அடித்த இடத்தில் எங்காவது ஒரு மயிரிழை விட்டாலும் தண்ணீர் உள்ளே போகும், கீழே அடைப்பு அப்படியே இருக்கும். பிதுங்கி வாய்க்காலில் விழும் சிலிக்கானே அடுத்த அடைப்பாகும். வினிகர் வாடை அடிக்கும் மலிவு சிலிக்கான் என்றால், பெயிண்ட் போன இடத்தில் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். பிறகு சுரண்டி எடுக்கும்போது ரூஃப் பெயிண்டும் கூடவே வரும். மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் வண்டியில் இது எல்லாம் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

நீங்களே பார்த்துவிடலாம். மழை விட்ட நேரத்தில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சன்ரூஃபை முழுக்கத் திறந்து, கதவுப்படியில் ஏறி நின்று, செல்போன் டார்ச்சை அடித்து முன் மூலைகளைப் பாருங்கள். குப்பையை ஈரத் துணியால் வழித்து எடுங்கள், ஓட்டைக்குள் தள்ளிவிடாதீர்கள். அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியில் சின்ன ஓட்டை போட்டு, ஒரு மூலையில் மெல்ல ஊற்றுங்கள். அரை டம்ளர் போதும். கீழே ஓர் ஆள் நின்று எங்கே வருகிறது என்று பார்க்கட்டும். முன் டியூப் சில வண்டியில் முன்கதவுக் கீல் பக்கத்து இடுக்கில் வரும், சில வண்டியில் முன்சக்கரத்து மட்கார்டு லைனருக்கு உள்ளே வரும். ஊற்றும் வேகத்துக்கு ஈடாகத் தரையில் சொட்டினால் அந்த டியூப் நன்றாக இருக்கிறது. தேங்கி நின்றால் அடைப்பு. தேங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை, ஆனால் கார்பெட் நனைகிறது என்றால் டியூப் உள்ளே எங்கோ கழன்றிருக்கிறது, அது வேறு வேலை.

அடைப்பு என்றால், புல் வெட்டும் மெஷினில் போடுகிற நைலான் நரம்பு வாங்குங்கள். எங்கள் பக்கம் ரப்பர் தோட்டத்துக்காரர்கள் வீட்டில் எல்லாம் கிடக்கும், உங்களுக்கு விவசாயக் கருவி விற்கும் கடையில் கிடைக்கும். முனையை லைட்டரில் லேசாகக் காட்டினால் உருகி ஒரு குண்டுமணி மாதிரி திரளும். அது ஆறிய பிறகு உள்ளே விடுங்கள். வெட்டின முனையோடு விட்டால் டியூபைக் குத்திவிடும். இரும்புக் கம்பி, பிரேக் கேபிள் எதுவும் வேண்டாம். முட்டும் இடத்தில் விரலால் உருட்டி உருட்டி விடுங்கள், பலம் காட்டாதீர்கள்.

பஞ்சர் கடைக் காற்றைப் பிடித்து மேலிருந்து அடிக்கவே கூடாது. நிறைய வண்டியில் அந்த டியூப் ஒரு பிளாஸ்டிக் மூக்கில் சும்மா செருகித்தான் இருக்கும். காற்றின் வேகத்தில் பில்லருக்குள்ளே கழன்றுவிடும். அடைப்பு போய்விட்டது என்று நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள், அடுத்த மழை மொத்தமும் வண்டிக்குள் இறங்கும்.

கொளத்தூர்வாசி:

ரொம்ப நன்றி அண்ணே. இவ்வளவு விவரம் எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்று பார்த்தேன். வலது பக்கம் ஊற்றினால் கதவுக் கீல் அருகில் நன்றாக வருகிறது. இடது பக்கம் ஊற்றியது அப்படியே குளம் கட்டி நிற்கிறது. நரம்பு விட்டதில் நீளமாகவே போனது, ஆனால் கடைசியில் ஏதோ மெத்தென்று தடுக்கிறது. தண்ணீர் இறங்கவே இல்லை. பில்லர் கவரைக் கழற்றிப் பார்க்கலாமா? யூடியூபில் ஒருவர் கையால் இழுத்தே கழற்றுகிறார்.

தக்கலை ஒர்க்‌ஷாப்:

இழுக்காதீர்கள். அந்தப் பில்லர் கவரில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால், பக்கக் கண்ணாடியைத் திரை மாதிரி மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் அதன் பின்னாலிருந்துதான் கூரையோரமாகப் போகிறது. அதைக் கழற்றுவதற்கு முன் இக்னிஷன் ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடமாவது சும்மா விட வேண்டும். அதில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிளிப்பும் இருக்கலாம். பழைய கிளிப்பையே திரும்ப மாட்டினால் ஏர்பேக் வெடிக்கும்போது கவர் மூஞ்சியில் பறந்து வரும். பழகாதவர் செய்கிற வேலை இல்லை அது.

அதற்குத் தேவையும் இருக்காது. நரம்பு நீளமாகப் போய்க் கடைசியில் மெத்தென்று நிற்கிறது என்றால் அடைப்பு கீழ்முனையில். டியூப் வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் மூக்கு இருக்கும். பூச்சியும் தூசியும் ஏறிவிடாமல் இருக்க அதன் வாய் உதடு ஒட்டினாற்போல் மூடியே இருக்கும், தண்ணீர் கனம் வந்தால் திறக்கும். சேறு பட்டுக் காய்ந்தால் திறக்காது. வலது பக்கம் எங்கே வந்ததோ அதே இடத்தை இடது பக்கம் தேடுங்கள். முன்கதவை முழுக்கத் திறந்து, இரண்டு கீலுக்கும் நடுவே ஃபெண்டர் இடுக்கில் பாருங்கள். விரல் போனால் அதை இரண்டு பக்கமும் பிதுக்குங்கள். தலையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் சன்ரூஃபே இல்லை. ஆனால் மழை பெய்தால் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் நிற்கிறது. இதுவும் டியூப் பிரச்சினையா?

தக்கலை ஒர்க்‌ஷாப்:

இல்லை அம்மா. உங்களுக்கு டெயில் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் கேஸ்கெட், டிக்கிக் கதவு பீடிங், ரூஃப் ரெயில் போல்ட், ஆன்டெனா அடிப்பாகம் இவற்றில் ஒன்று. எப்போதாவது பின்னால் இடி வாங்கி டிங்கரிங் பார்த்திருந்தால் டெயில் லைட்டில் ஆரம்பியுங்கள். டிக்கிக்குள் ஓரமெல்லாம் துடைத்துக் காய வைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். ஒருவரை உள்ளே டார்ச்சோடு உட்கார வைத்து, வெளியே கீழிருந்து மேலாக ஓஸில் தண்ணீர் விடுங்கள். பவுடரில் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது.

கொளத்தூர்வாசி:

அண்ணே, கிடைத்துவிட்டது! கீல் இடுக்கில் அந்த ரப்பர் மூக்கு கல் மாதிரி இறுகிக் கிடந்தது. வெந்நீர் விட்டு ஊற வைத்துப் பிதுக்கினேன். கறுப்பாகக் குழம்பு போல ஒரு சேறு, நடுவில் மக்கிய பூ நார், அப்புறம் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் சர்ரென்று காலில் கொட்டியது. மறுபடி மேலே ஊற்றினால் வலது பக்கம் போலவே இறங்குகிறது. பின் டியூப் இரண்டும் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கின்றன. நேற்று ராத்திரி செம மழை, காலையில் பிரேக் போட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை.

வாடை மட்டும் போகவில்லை. கார்பெட்டை வெயிலில் கதவு திறந்து வைத்துக் காய வைத்தேன், மேலே காய்ந்துதான் இருக்கிறது. ரூஃப் துணியில் லைட்டைச் சுற்றிப் பழுப்பு வட்டம். ஷாம்பு போட்டுத் தேய்க்கலாமா?

தக்கலை ஒர்க்‌ஷாப்:

நல்லது சார். பணம் மிச்சம்.

கார்பெட் மேலே காய்ந்திருக்கும், அடியில் காய்ந்திருக்காது. கார்பெட்டுக்குக் கீழே தடியாக ஸ்பாஞ்ச் இருக்கிறது. அது குடித்த தண்ணீர் லேசில் வெளியே வராது. கதவுப்படி ஓரத்து பிளாஸ்டிக் பட்டையை நிமிர்த்தி எடுத்து, கார்பெட்டை மடக்கித் தூக்கி, அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். பழைய துண்டை வைத்து அழுத்தி அழுத்திப் பிழிந்து எடுங்கள். அப்புறம் வீட்டு டேபிள் ஃபேனை அந்த இடைவெளிக்கு நேராக ஓட விடுங்கள். ஸ்பாஞ்சைக் கையால் அழுத்தினால் ஈரம் ஒட்டக் கூடாது, அதுவரை மூடாதீர்கள். சென்ட் பாட்டில், கற்பூரம் எல்லாம் அதற்குப் பிறகு உங்கள் விருப்பம்.

தூக்கும்போது அடியில் ஒயர் சாக்கெட் இருந்தால் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள், அது பிறகு தேவையில்லாத லைட்டை எல்லாம் மீட்டரில் எரிய வைக்கும். மஞ்சள் நிற சாக்கெட் கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம், அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது.

ரூஃப் துணிக்கு ஷாம்பு போட்டுத் தேய்க்காதீர்கள். துணியைப் பிடித்து வைத்திருப்பது மெல்லிய நுரையும் பசையும்தான். ஊறினால் விட்டுப்போய்ப் பந்தல் போலத் தொங்கும், அப்புறம் என்னைப் போன்றவனுக்கு வேலை. நன்றாகக் காய்ந்த பிறகு, சீட் துணிக்கு விற்கும் நுரை கிளீனரை மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, வட்டத்தில் மட்டும் இல்லாமல் தையல் ஓரம் வரைக்கும் ஒரே பக்கமாக ஒற்றி எடுங்கள். வட்டத்தை மட்டும் துடைத்தால் அதைச் சுற்றி இன்னொரு வட்டம் விழும். முழுசாகப் போகாது, மங்கும்.

பீடிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள், பேரிங் கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். மரத்தடியில்தான் நிறுத்துவீர்கள் என்றால் பூ உதிரும் காலத்தில் மாதம் ஒருமுறை பாட்டில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். டயருக்குக் காற்றுப் பார்க்கும் அன்றே இதையும் பார்த்துவிடலாம்.

டீசல் மாமா:

தம்பி தக்கலை, அடித்த சிலிக்கானை எடுக்க என்ன போட வேண்டும்?