சீகை வெட்டிய இடத்தில் மறுபடியும் சீகையே

கேள்வி: பழனிமலை மேல்பகுதியில் சீகை (சீயக்காய் இல்லை, வாட்டில் என்ற வெளிநாட்டு மரம்) தோப்பை மொத்தமாக வெட்டியாச்சு. மழைக்குப் பிறகு நாற்றங்கால் மாதிரி சீகைக் கன்று. எங்கே பிழை?

பதில் 1: மொத்தமாக வெட்டியதுதான். விதை மண்ணில் பல பத்தாண்டு உறங்கும். வெயிலோ தீயோ பட்டால் எழும். மிச்சத் தோப்பிலாவது குனிந்து பாருங்கள், அடியில் நாவல், காட்டுச்செண்பகக் கன்று இருக்கும். அதை நெருக்கும் சீகையை மட்டும் எடுங்கள், நிழல் நிற்கட்டும்.

பதில் 2: புல்வெளி என்றால் கதை வேறு, அங்கே நிழலே ஆகாது. முழங்கால் உயரம் தாண்டுமுன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். சீகையில் சில்வர் வாட்டில் வகை வேரிலிருந்தே துளிர்க்கும். அரிவாளால் அறுத்தால் ஒன்று நாலாகும்.

பதில் 3: கட்டையைச் சரிவில் உருட்டாதீங்க, மண் கீறி விதை மேலே வரும். மலையில் நடக்க வருபவர் செருப்புச் சேற்றிலும் விதை போகும். பட்டா நிலமானாலும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி வெட்ட அனுமதி வேண்டும்.