பழைய சிஸ்டத்துக்கு ரேம் ஏற்றிய அனுபவங்கள்

மதுரை டிடிபி:

எங்கள் கடையில் ஒரு ஜி41 போர்டு சிஸ்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜி41 என்பது இன்டெல் சிப்செட், அதாவது பிராசசரையும் ரேமையும் இணைக்கும் சிப். கோர் 2 டுயோ, 2 ஜிபி ரேம். கோரல் டிராவில் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் தாக்குப் பிடிக்கும். கோயில் திருவிழாவுக்குப் பெரிய ஃபிளெக்ஸ் டிசைன் வந்தால் போச்சு. ஹார்ட் டிஸ்க் லைட் அணையாமல் எரியும், மவுஸ் அசைவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ரேம் போதாமல் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

கேபினெட்டைத் திறக்காமலே சிபியு-இசட் என்ற மென்பொருள் போட்டுப் பார்த்தேன். மெயின்போர்டு பக்கத்தில் சிப்செட் பெயர் இருக்கும். எஸ்பிடி பக்கத்தில் ஸ்லாட் வாரியாக என்ன ரேம் ஸ்டிக் என்று காட்டும். முதல் ஸ்லாட்டில் டிடிஆர்3 (டிடிஆர்2, டிடிஆர்3 எல்லாம் ரேம் தலைமுறைகள்), 2 ஜிபி. இரண்டாவது காலி. ஜி41-ல் இதைப் பார்க்காமல் கடைக்குப் போகக் கூடாது. டிடிஆர்2 போடும் ஜி41 போர்டும் வந்தது, டிடிஆர்3 போடுவதும் வந்தது. இரண்டுக்குமே 240 பின்தான். நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும், வோல்டேஜும் 1.8, 1.5 என்று வேறு. பின்னை மட்டும் எண்ணி வாங்கினால் ஸ்லாட்டில் இறங்காது.

ஜி41 அதிகபட்சம் 8 ஜிபி எடுக்கும். என் போர்டில் ஸ்லாட் இரண்டு, ஆகவே 4+4. இதுவரை சுலபம். கடைத் தம்பி எடுத்துக் கொடுத்த 4 ஜிபி ஸ்டிக்கில் ஒரு பக்கம் மட்டும்தான் சிப், மொத்தம் எட்டு. "ரெண்டு பக்கமும் சிப் வச்ச பழசு இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "அண்ணே, இதுதான் புதுசு. அதே 4 ஜிபிதான்" என்றார்.

அளவு அதேதான், உள்ளே இருக்கும் சிப் வேறு. எட்டு சிப்பில் 4 ஜிபி வர வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 4 கிகாபிட்டாக இருக்க வேண்டும் (8 கிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி). ஜி41 வடிவமைத்த காலத்து மெமரி கன்ட்ரோலருக்கு (ரேமைக் கையாளும் பகுதி) 2 கிகாபிட் சிப் வரைதான் கணக்குத் தெரியும். அதனால் பதினாறு சிப் உள்ள 4 ஜிபிதான் வேண்டும். தம்பி நம்பவில்லை. அவருடைய டெஸ்ட் போர்டும் ஜி41 என்பதால் அங்கேயே மாட்டிக் காட்டச் சொன்னேன். டிஸ்ப்ளே வரவில்லை. அப்புறம் அவரே டிராயரைக் கிளறிப் பதினாறு சிப் ஜோடி ஒன்றைத் தேடி எடுத்தார். பழசு என்பதால் விலையும் குறைவு.

பயாஸில் 8 ஜிபி காட்டியது. ஸ்டிக்கின் வேகம் 1333, ஆனால் ஓடுவது 1066-ல். போர்டின் வேகம் அவ்வளவுதான், அதனால் பாதகமில்லை. விண்டோஸ் 32 பிட்டாக இருந்ததால் அதில் 3 சொச்சம் ஜிபிதான் தெரிந்தது. 64 பிட் ஏற்றிய பிறகுதான் காசு கொடுத்தது முழுசாகக் கைக்கு வந்தது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட் ரெகுலர்:

அண்ணே, சிப்பை எண்ணுவது மட்டும் போதாது. பதினாறு சிப் இருந்தும் ஓடாத 4 ஜிபி ஸ்டிக் என் கையில் வந்திருக்கிறது. 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று மலிவு விலையில் ஆன்லைனில் விற்பார்கள். பேக்கெட்டில் அந்த வரி பொடி எழுத்தில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. அதில் சிப் ஒவ்வொன்றும் 4 பிட் அகலம். சாதாரண டெஸ்க்டாப் ஸ்டிக்கில் 8 பிட். இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகள் 4 பிட் அகலத்தை ஏற்காது.

ஆகவே ஸ்டிக்கரைப் படியுங்கள். '4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600யு' என்று இருக்கிறதா? 2ஆர் என்றால் இரண்டு ரேங்க், அதாவது ஒன்றாக இயங்கும் சிப் தொகுதி இரண்டு. எக்ஸ்8 என்றால் சிப் 8 பிட் அகலம். ஒரு ரேங்குக்கு 64 பிட் வேண்டும், ஆக எட்டு எட்டாகப் பதினாறு சிப். மதுரை அண்ணனுக்கு வேண்டியது இதுதான். 1ஆர்எக்ஸ்8 என்றால் கடைத் தம்பி முதலில் நீட்டியது. எக்ஸ்4 என்று பார்த்தால் கீழே வைத்துவிடுங்கள். 10600 என்பது 1333-ஐ 8-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வரும் எண், நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று. 12800 என்றால் 1600.

கடைசி எழுத்துதான் பலர் கவனிக்காதது. யு என்றால் சாதாரண டெஸ்க்டாப், எஸ் என்றால் லேப்டாப், ஆர் என்றால் சர்வர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கழித்துப் போட்ட சர்வர் ரேம் கொட்டிக் கிடக்கும், விலையும் ஆசை காட்டும். டிடிஆர்3-ல் அது டெஸ்க்டாப் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், கிளிப்பும் பூட்டும். சிஸ்டம் மட்டும் எழுந்திருக்காது.

ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தாலும் பார்ட் நம்பர் போதும். சாம்சங்கில் எம்378 டெஸ்க்டாப், எம்471 லேப்டாப், எம்393 சர்வர். டிடிஆர்3 4 ஜிபியில் அடுத்து வருவது பி5273 என்றால் பதினாறு சிப், பி5173 என்றால் எட்டு சிப். நான் கடைக்குப் போகும் முன் பழைய ஸ்டிக்கைக் கழற்றி இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் போவேன். கடைக்காரர்கள் கேட்பது இரண்டே கேள்வி: டெஸ்க்டாப்பா லேப்டாப்பா, டிடிஆர் எத்தனை. பழைய மெஷினுக்கு அது பத்தாது.

பழைய இரும்பு:

தம்பிகளா, இது ஒன்றும் புதுக் கதை இல்லை. 1998-ல் வந்த 440பிஎக்ஸ் சிப்செட்டில் இதே கூத்தைப் பார்த்தவன் நான். அதில் 256 எம்பி ஸ்டிக் போட வேண்டும் என்றால் 128 மெகாபிட் சிப் பதினாறு இருக்க வேண்டும். பின்னாளில் வந்த எட்டு சிப் ஸ்டிக்கைப் போட்டால் அதைப் பாதியாக, 128 எம்பி என்று காட்டும். அப்போது சிபியு-இசட் எல்லாம் கைவசம் கிடையாது. பூட் ஆகும்போது திரையில் ஓடும் மெமரி எண்ணிக்கையை நின்று பார்ப்போம். வாடிக்கையாளர் கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்பார், கடைக்காரர் போர்டு போச்சு என்பார். இரண்டு பேர் சொன்னதும் தப்பு.

அதற்கும் முன்னால் 72 பின் 'சிம்' (SIMM) என்ற பழைய வகை ரேம் ஸ்டிக் இருந்தது. ஒரு ஸ்டிக் 32 பிட், பென்டியத்துக்கு வேண்டியது 64 பிட். அதனால் ஜோடியாகத்தான் போட வேண்டும். ஒன்று மட்டும் வாங்கி வருபவரைத் திருப்பி அனுப்புவதே ஒரு வேலையாக இருந்தது.

இன்னொன்று. ரேம் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ரேம் போயிருக்காது. நீளமாக பீப் அடித்தால் ஸ்டிக்கைக் கழற்றி, தங்கப் பூச்சுக் காலை வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்ப அழுத்தி மாட்டுங்கள்.

நெட்புக் அக்கா:

என்னிடம் இருப்பது ஆட்டம் என்450 நெட்புக். மகள் படித்த காலத்தில் வாங்கியது. 1 ஜிபி, டிடிஆர்2 லேப்டாப் ஸ்டிக், ஒரே ஸ்லாட். பிராசசரின் எல்லை 2 ஜிபி. கூடவே வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் 2 ஜிபிக்கு மேல் தொடாது. ஆக எந்தப் பக்கம் போனாலும் அதே சுவர்தான். அந்த 2 ஜிபி ஸ்டிக்குக்குச் சொன்ன விலை, டிடிஆர்3-ல் 4 ஜிபி வாங்கும் விலைக்கு மேல்! வாங்காமல் வந்துவிட்டேன். ஹார்ட் டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டேன், லைட்டான லினக்ஸ் ஏற்றினேன். பாட்டு கேட்கவும் சமையல் குறிப்பு தட்டவும் போதும். யூடியூப் மட்டும் கேட்காதீர்கள்.

லினக்ஸ் பித்தன்:

அக்கா செய்ததுதான் சரி. லினக்ஸ் இருப்பவர்கள் டெர்மினலில் டிஎம்ஐடிகோடு என்ற கட்டளையை ஓட்டினால் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இருக்கும் ஸ்டிக்கின் அளவு, வகை, வேகம், பார்ட் நம்பர் எல்லாம் வந்துவிடும். ஆனால் அதில் வரும் 'அதிகபட்ச அளவு' வரியை அப்படியே நம்பாதீர்கள். போர்டு தயாரித்தவர் பயாஸில் எழுதி வைத்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது.

மதுரைக்காரர் கதைக்கு நேர் எதிர் ஒன்று என்னிடம் உண்டு. திங்க்பேட் எக்ஸ்220 லேப்டாப், 2011 மாடல். கம்பெனி கணக்கில் 8 ஜிபிதான் எல்லை. நான் 8+8 போட்டு 16 ஜிபியில் ஓட்டுகிறேன். அது வந்த சமயத்தில் 8 ஜிபி லேப்டாப் ஸ்டிக் அரிது. மேனுவலில் இருப்பது அன்றைய எல்லை, பிராசசருக்குள்ளேயே இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் எல்லை அதைவிடப் பெரிது. எனவே மேனுவலைப் படித்தபின் சிப்செட், பிராசசர் பெயரையும் தேடிப் பாருங்கள். ஜி41-ல் மெமரி கன்ட்ரோலர் கையைக் கட்டும், இங்கே அவிழ்த்துவிட்டது.

மாட்டியதும் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரு சிவப்பு வரி வந்திருந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய ரேமுக்குக் கடையில் வாரண்டி பேசி வாங்குவது இதற்காகத்தான்.

அப்புறம், இரும்பு ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அழிப்பானைவிட ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நல்லது. தேய்க்கத் தேய்க்கத் தங்கப் பூச்சு போய்விடும்.

பழைய இரும்பு:

போகட்டும் தம்பி. ஆல்கஹால் பாட்டில் தேடிக் கிடைப்பதற்குள் நான் பத்து மெஷின் ஆன் செய்து கொடுத்துவிடுவேன்.

மதுரை டிடிபி:

ரெகுலர் தம்பி சொன்னபடி என் ஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தேன், 2ஆர்எக்ஸ்8 யு என்றே இருக்கிறது. நெட்புக் அக்கா, பழைய லேப்டாப் ஒன்று கடையில் உடைந்து கிடக்கிறது, டிடிஆர்2தான். அதில் இருப்பது 2 ஜிபி ஸ்டிக்கா என்று நாளைக்குக் கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன். இருந்தால் கூரியரில் போடுகிறேன், காசெல்லாம் வேண்டாம்.